அரசினர் தோட்டத்தில் விட்டுவந்த செருப்பு

ஆட்டம் முடிவதற்கு இரண்டு ஓவர்கள் இருக்கும்போதே எழுந்துவிட வேண்டும் என்று மச்சான் அன்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தான். சேப்பாக்கத்துக்குப் பல தடவை போய் வந்தவன் அவன். கடைசிப் பந்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவன் மெற்றோப் படிக்கட்டில் அரைமணி நேரம் நிற்க வேண்டிவரும் என்பது அவனுடைய அனுபவக் கணக்கு. ஆனால், 2024 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு அந்தக் கணக்கு தவறிப்போனது. கொல்கத்தா அணி 137 ஓட்டங்களோடு அடங்கிப்போக, சென்னை அணி பதற்றமில்லாமல் துரத்திக்கொண்டிருந்தது. வெற்றிக்கு ஒருசில ஓட்டங்களே மீதமிருந்த நேரத்தில் மூன்றாவது விக்கெட் விழுந்தது. அடுத்ததாகத் தோனி மட்டையோடு இறங்கினார். எல்லைக்கோட்டருகே நின்ற ஆந்த்ரே ரஸல் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். பக்கத்துக் கதிரையிலிருந்த மச்சான் ஏதோ சொன்னான். உதடுகள் அசைந்தது மட்டுந்தான் தெரிந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. 14 பந்துகள் மீதமிருக்க ஆட்டம் முடிந்தபோது மைதானத்துக்குள் வந்த சனம் முழுவதும் உள்ளேயே இருந்தது. ஆதலால் முழுச் சனமும் ஒரே நேரத்தில் வெளியேறத் தொடங்கியது.

இந்தப் பதிவு அந்த ஆட்டத்தைப் பற்றியது அல்ல. ஆட்டத்துக்குப் பின்னரான முக்கால் மணி நேரத்தையும், அந்த நேரத்தைத் தாங்குவதற்காக அண்ணா சாலையின் அடியில் கட்டி வைத்திருக்கும் அரசினர் தோட்டம் என்ற மெற்றோ நிலையத்தையும் பற்றியது. வீதி வேலைகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்ப உத்தியோகத்தனாகக் காலம் கழித்தவன் என்பதால், கூட்டத்தைக் கண்டால் எனக்கு முதலில் கண்ணில் படுவது வாசலின் அகலந்தான். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து சேப்பாக்கத்துக்குப் போவது இப்போது எவ்வளவு எளிதாகிவிட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பலாலியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலத்தில் மீனம்பாக்கம். அங்கே விமான நிலையத்தோடு ஒட்டியபடியே மெற்றோவின் நீலப் பாதை தொடங்குகிறது. அதே வண்டியில் மாறாமல் இருந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம். சின்னமலை வரைக்கும் வண்டி வீட்டுக் கூரைகளுக்கும் தென்னந்தலைகளுக்கும் மேலாக ஓடுகிறது. சின்னமலையை விட்டதும் மெல்லச் சரிந்து நிலத்துக்குள் புகுந்துவிடும். சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை என்று அதற்குப் பிறகு வருவன எல்லாம் நிலக்கீழ் நிலையங்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டு வந்த அந்தக் கணத்தில் நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதை மச்சான் கண்டான். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

என் வயதை ஒத்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு நிலத்துக்குக் கீழே என்றால் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பதுங்கிய பங்கர்தான். கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்வளவில், மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒன்று இருந்தது. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை, இறங்குவதற்கு வெட்டிய ஐந்தோ ஆறோ படிகள், இறங்கியதும் வலதுபக்கம் ஒரு திருப்பம். மாரி தொடங்கினால் அதற்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஊறிவிடும், தவளை கத்தும். சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் ஊரில் ஆழத் தோண்டினால் வேறென்ன நடக்கும்? எங்கள் நன்னீரே கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு வில்லைதான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்தப் பங்கருக்குள் நின்று நான் நன்றாக விளங்கிக்கொண்டேன். அம்மா எப்போதும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "ஆறுதலா இறங்கு, கீழ போய் விழாத." வானத்தில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவசரப்படாமல் ஆறுதலாக இறங்குவது எப்படி என்று அந்த நாளில் எனக்கு எரிச்சல் வரும். அந்த வார்த்தைக்கு அடியில் எவ்வளவு பெரிய விசயம் இருந்தது என்பது பின்னாளில்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அரசினர் தோட்டம் நிலையம் திறந்தது 2019 பெப்ரவரி 10ஆம் திகதி. தேனாம்பேட்டைக்கு அப்பால் டி.எம்.எஸ். நிலையத்தில் இருந்து வண்ணாரப்பேட்டை வரையான நிலக்கீழ்ப் பகுதி முழுவதும் அன்றைக்குத்தான் ஓட்டத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சென்னைக்குப் போனவர்களுக்கு அண்ணா சாலை எப்படிக் கிடந்தது என்பது நினைவிருக்கும். தகர வேலிகளும் ஒருவழிப் பாதைகளுமாக, எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் வேறெங்கோ கொண்டுபோய்விடும் வீதியாக அது இருந்தது. சுரங்கம் தோண்டிய இயந்திரங்களுக்குக் கீழே வாய்த்த நிலம் ஒரே சீராக இருக்கவில்லை. ஓரிடத்தில் களிமண், அடுத்த இடத்தில் கடும்பாறை. 2017 ஏப்ரலில் அதே சாலையில் திடீரென நிலம் உள்வாங்கி ஒரு நகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கி நின்ற படம் எங்கள் பத்திரிகைகளிலும் வந்தது. நல்லவேளையாக ஓர் உயிரும் போகவில்லை. நிலையத்தைத் தாண்டி சென்ட்ரல் பக்கமாகப் போகும் சுரங்கம் கூவம் ஆற்றின் அடியால் போகிறது. மேலே இருக்கும் கூவத்தைப் பார்த்தவர்களுக்கு, அதன் அடியில் குளிரூட்டிய பெட்டிக்குள் இருந்து கைபேசி பார்த்துக்கொண்டு போவது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தோன்றும்.

சேப்பாக்கம் மைதானம் அந்த நிலையத்தைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. 1916இல் இருந்து அங்கே இருக்கிறது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற இடமும் (1952), அவுஸ்திரேலியாவோடு சரிசமனில் முடிந்த அந்த அபூர்வ டெஸ்ட் நடந்த இடமும் (1986) அதுதான். எங்களுக்கோ சேப்பாக்கம் என்றால் 1982 செப்ரெம்பர். இலங்கை அணி இந்தியாவில் ஆடிய முதல் டெஸ்ட் அது. துலிப் மென்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105, இரண்டாவது இன்னிங்ஸிலும் அதே 105. பள்ளிக்கூடத்துப் பெடியனாக வானொலிப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்ட மைதானத்தை நாற்பது ஆண்டுகள் கழித்து நேரில் பார்ப்பதற்காகத்தான் உண்மையில் நான் போனேன். தோனி இலவச இணைப்பு.

சரி, வெளியே வருவோம்.

ஏறக்குறைய 38,000 பேரைக் கொள்ளும் அந்த மைதானத்துக்கும் நிலையத்துக்கும் இடையே ஒரு கிலோமீற்றர் அளவு தூரம். வாலாஜா சாலை வழியாக மேற்கே நடந்தால் அண்ணா சாலை வந்துவிடும். நிலையம் அங்கே, ஓமந்தூரார் வளாகத்தை ஒட்டி இருக்கிறது. போகும்போது, பிற்பகல் வெயிலில், இந்தத் தூரத்தை நான் திட்டிக்கொண்டே நடந்தேன். மைதானத்துக்கென்று ஒரு நிலையம் கட்டுகிறவர்கள் அதை மைதானத்தின் வாசலில் கட்டியிருக்கக் கூடாதா என்று மச்சானிடம் கேட்டேன். "திரும்பி வரேக்க சொல்லு" என்றான்.

திரும்பி வரும்போது விளங்கியது. மைதான வாயில்களில் இருந்து வாலாஜா சாலைக்கு இறங்கிய முதல் ஐந்து நிமிடம், தோளோடு தோள் உரச, அடியை அரை அடியாகக் குறைத்து நடக்க வேண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் அவிழத் தொடங்கியது. இளம் பெடியள் ஓட்டமும் நடையுமாக முன்னால் போய்விட்டார்கள். பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஒரு பகுதியினர் கடற்கரைப் பக்கம் திரும்பினார்கள். இன்னொரு பகுதியினர் பறக்கும் இரயில் எனப்படும் மேம்பால இரயிலின் சேப்பாக்கம் நிலையத்துக்குப் போனார்கள். மோட்டார் சைக்கிளை எங்கேயோ சந்துக்குள் விட்டவர்கள் அந்தச் சந்துக்குள் கரைந்தார்கள். சுண்டல் வாங்க நின்றவர்கள், மஞ்சள் கொடியைப் பாதி விலைக்குக் கேட்டுப் பேரம் பேசியவர்கள், வீட்டுக்கு அழைத்து "ஜெயிச்சாச்சு" என்று கத்தியவர்கள் என்று ஆளாளுக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் தாமதித்தார்கள். மைதானத்தில் ஒரே கட்டியாக இருந்த கூட்டம் அண்ணா சாலையை அடைவதற்குள் நீண்ட ஒரு நூலாகிவிட்டது. அந்த ஒரு கிலோமீற்றர் வீதி, நிலையத்துக்கு முன்னால் வைத்திருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி வேலை செய்கிறது. மேலேயிருந்து எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் கீழேயுள்ள குழாயில் வருவது குழாயின் அளவுக்குத்தான் வரும்.

அப்படியிருந்தும் நிலைய வாசலில் கூட்டம் நின்றது. பொலிஸாரும் நிலையப் பணியாளர்களும் கயிற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, இருநூறு பேர் அளவில் விட்டு, பிறகு நிறுத்தி, பிறகு மீண்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே வண்டி வந்து போனதை ஒருவர் கம்பியில்லாக் கருவியில் சொல்ல, மேலே கயிறு தாழ்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "கீழ இடம் இருக்குதே, ஏன் சார் விடமாட்டேங்கிறீங்க?" என்று சத்தம் போட்டார். கீழே இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மேலே நிறுத்துகிறார்கள். நிலக்கீழ் நிலையமொன்றைக் கட்டும்போது, நடைமேடையில் நிற்கும் அனைவரும் நான்கு நிமிடத்துக்குள் மேடையை விட்டு நீங்கவும் ஆறு நிமிடத்துக்குள் ஆபத்தில்லாத இடத்தை அடையவும் முடிய வேண்டும் என்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதி. படிக்கட்டின் அகலம், நகரும் படிகளின் எண்ணிக்கை, வாயில்களின் எண்ணிக்கை எல்லாம் இந்த இரண்டு எண்களில் இருந்து பிறக்கின்றன. மேடையில் நிற்பவர்களின் தொகை கணக்கைத் தாண்டிவிட்டால் அந்த நான்கு நிமிடம் ஏழாகும், எட்டாகும். ஆகவே காத்திருப்பு எங்கே நடக்க வேண்டும் என்பதே கேள்வி. அது காற்றோட்டமுள்ள வீதியில் நடப்பது நல்லது. பெரியவருக்கு இதை விளக்க நினைத்தேன். அதற்குள் கயிறு தாழ்ந்துவிட்டது.

அன்றைக்கு ஆட்டச் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு மெற்றோவில் கட்டணம் இல்லை. சீட்டிலுள்ள குறியீட்டைக் காட்டினால் வாயில் திறக்கும் என்ற ஏற்பாட்டைக் கிரிக்கெட் அணியும் மெற்றோ நிறுவனமும் சேர்ந்து செய்திருந்தன. வழக்கமாக இரவு 11 மணியோடு முடியும் சேவையையும் ஆட்ட நாட்களில் நீட்டியிருந்தார்கள். இதை இரசிகர்களுக்கான சலுகை என்றே பத்திரிகைகள் எழுதின. வீதிக்காரனான எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. ஆயிரக்கணக்கானோர் நள்ளிரவில் சீட்டு வாங்கும் சாளரத்தில் வரிசை கட்டி, சில்லறைக்குத் தடுமாறி நின்றிருந்தால் அந்த வரிசை படிக்கட்டுவரை நீண்டிருக்கும். வரிசையின் ஒரு முழு அடுக்கையே அந்தச் சலுகை துடைத்துவிட்டது.

செருப்பு அறுந்தது படிக்கட்டில்தான். நகரும் படிகளில் நெரிசலாக இருந்தபடியால் நாங்கள் பக்கத்திலிருந்த சாதாரணப் படிகளால் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் இடது செருப்பின் வார் கழன்று, கால் முன்னே போக, செருப்பு பின்னே நின்றுவிட்டது. இயல்பாகவே குனிந்தேன். குனிந்ததும் முதுகில் ஒரு முழங்கால் இடித்தது. அதற்குப் பின்னால் இன்னும் பலர் இறங்கிக்கொண்டிருப்பது முதுகுக்குத் தெரிந்தது. கீழே நின்ற ஓர் இளம் பணியாளர் தொண்டை கிழியக் கத்தினார்: "ஐயா, குனியாதீங்க! விட்டுட்டு வாங்க! நடங்க, நடங்க!" மச்சான் என் கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டான். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு கால் சில்லென்ற கருங்கல் தரையில் பட, மற்றக் கால் செருப்போடு, நொண்டியவன்போல மிச்சப் படிகளையும் இறங்கி முடித்தேன். எல்லாம் நான்கைந்து விநாடிகள்.

அந்த இளைஞர் ஏன் அப்படிக் கத்தினார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இலண்டனின் கிழக்குப் பகுதியில் பெத்னல் கிறீன் என்றொரு நிலக்கீழ் நிலையம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது இன்னும் கட்டி முடிக்கப்படாமல் இருந்தது. சனம் அதைக் குண்டுவீச்சுக்குப் பதுங்குமிடமாகப் பயன்படுத்தியது. 1943 மார்ச் 3ஆம் திகதி இரவு அபாயச் சங்கு ஊதியது. பக்கத்துப் பூங்காவில் இருந்து புதுவகை விமான எதிர்ப்பு ரொக்கெட்டுகள் ஏவப்பட்டன. கேட்டறியாத அந்தச் சத்தத்தைக் குண்டு என்று நினைத்து வாசலில் நின்றவர்கள் விரைந்தார்கள். மங்கலான வெளிச்சம், மழையில் நனைந்த படிகள், நடுவே பிடித்துக்கொள்ளக் கைபிடி இல்லை. அடிப்படிகளுக்கு அருகில், குழந்தையோடு வந்த ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவருக்கு மேல் இன்னொருவர், அவருக்கு மேல் இன்னொருவர். மொத்தமே 19 படிகள் கொண்ட அந்தப் படிக்கட்டில் 173 பேர் மூச்சடங்கி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அந்தப் பகுதியில் ஒரு குண்டும் விழவில்லை. இதை முதன்முதலில் வாசித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொக்குவில் பின்வளவில் போய் நின்றேன். பங்கர் இருந்த இடத்தில் இப்போது கறிவேப்பிலை நிற்கிறது. "ஆறுதலா இறங்கு, கீழ போய் விழாத" என்பதை அம்மா ஒரு பொறியியல் நூலிலும் படித்திருக்க மாட்டார்.

கீழே நடைமேடை, வெளியிலிருந்து வந்தவனுக்கு, வேறொரு பருவகாலமாக இருந்தது. வியர்வையில் ஊறிய சட்டை முதுகில் ஒட்டிக் குளிர்ந்தது. மேடையின் விளிம்பு நெடுகிலும் கூரைவரை கண்ணாடித் தடுப்பு. வண்டி வந்து நின்ற பிறகே வண்டிக் கதவுக்கு நேரேயுள்ள கண்ணாடிக் கதவு திறக்கிறது. அதனால் தண்டவாளத்துக்குள் யாரும் விழ வழியில்லை என்பது ஒன்று. குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் வீணாகப் போகாது என்பது இன்னொன்று. சும்மா நிற்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 100 வாற்று வெப்பத்தை வெளியேற்றுகிறது. மேடையில் ஆயிரம் பேர் நின்றால் 100 கிலோவாற்று, அதாவது ஆயிரம் வாற்று மின்னழுத்திகள் நூறு ஒரே நேரத்தில் சூடாகி நிற்பதற்குச் சமன். வென்ற அணியின் இரசிகர்கள் சும்மாவும் நிற்பதில்லை, குதிக்கிறார்கள்.

வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் என் வழக்கப்படி கணக்குப் போட்டேன். நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு வண்டி நெருக்கிப் பிடித்தால் 1,276 பேரை ஏற்றும். மைதானத்திலிருந்த 38,000 பேரும் மெற்றோவுக்கே வந்திருந்தால் முப்பது வண்டிகள் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, இரண்டு திசைகளிலும் என்று வைத்துக்கொண்டால் அதற்கு ஒன்றேகால் மணித்தியாலம். மூன்றிலொரு பங்கினர் மட்டும் வந்தால் பத்து வண்டிகள், இருபத்தைந்து நிமிடம். படிகளின் கணக்கு வேறு: விநாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடும், ஒரு மீற்றர் அகலமுள்ள நகரும் படிக்கட்டு மணிக்கு அதிகபட்சம் 6,000 பேரை, அதாவது நிமிடத்துக்கு நூறு பேரைக் கொண்டுசெல்லும். மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப வாற வண்டியில இடம் கிடைக்குமோ, அதைச் சொல்லு" என்றான். கிடைத்தது. நின்றபடிதான்.

சைதாப்பேட்டை தாண்டி வண்டி மேலேறி, வெளியே தெருவிளக்குகள் தெரிய ஆரம்பித்ததும், மைதானத்தின் வாசலில் ஏன் நிலையம் இல்லை என்று பகலில் கேட்ட கேள்வியை நானே திரும்ப எடுத்துப் பார்த்தேன். வாசலில் நிலையம் இருந்தால் சனம் அவிழ்வதற்கு வழி இருக்காது. கட்டி கட்டியாகவே படிக்கட்டில் வந்து விழும். பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்குக் கூப்பிடு தொலைவில் கப்பன் பூங்கா என்ற நிலக்கீழ் நிலையம் இருக்கிறது. 2025 ஜூன் 4ஆம் திகதி பெங்களூர் அணியின் வெற்றி விழாவுக்கு மைதானம் கொள்ளாத சனம் திரண்டு, வாயில்களில் நெரிபட்டு 11 பேர் இறந்த அன்று, அந்த நிலையத்தில் வண்டிகளை நிறுத்தாமல் கொண்டுபோக வேண்டி வந்தது. இறப்புகள் நிகழ்ந்தது மைதான வாயில்களில், நிலையத்தில் அல்ல. ஆனாலும் அத்தனை அருகிலிருக்கும் நிலையம் அத்தகைய நாளில் மேலும் மேலும் சனத்தைக் கொண்டுவந்து கொட்டும் வாய்க்காலாகிவிடும். அதை அடைப்பதைத் தவிர அப்போது வேறு வழி இருக்காது.

அருகில்தான் கட்ட வேண்டும் என்றால் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். 1972 ஒலிம்பிக்குக்காக மியூனிக்கில் கட்டிய ஒலிம்பியாசென்ற்றும் நிலக்கீழ் நிலையத்துக்கு வழக்கமான இரண்டு தண்டவாளப் பாதைகளுக்குப் பதிலாக நான்கு போட்டார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் வெறும் வண்டிகளை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்தி வைக்கலாம் என்பது அதன் பயன். சிங்கப்பூரில் 2010இல் திறந்த ஸ்ரேடியம் நிலையத்தில் வேறொரு வழியைக் கண்டார்கள்: நிலக்கீழ் நிலையந்தான், ஆனால் உயர்ந்து வளைந்த பெருங்கூடமாகக் கட்டி மேலேயிருந்து பகல் வெளிச்சத்தை இறங்க விட்டிருக்கிறார்கள். தான் எங்கே நிற்கிறேன், வெளியே போகும் வழி எது என்று கண்ணால் காண்கிறவன் பதறமாட்டான். எனக்கு இந்த இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால், காசு இருந்தால் மியூனிக், மனசு இருந்தால் சிங்கப்பூர் என்பேன். சென்னைக்கு இரண்டும் வாய்க்கவில்லை. வாலாஜா சாலை வாய்த்தது. யாராவது திட்டமிட்டு அந்தத் தூரத்தை வைத்தார்களா, அண்ணா சாலையின் அடியால் பாதை போனபடியால் தானாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

ஊரில் சனம் கூடுவதைப் பார்த்துப் பழகியவனுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் நல்லூர்க் கந்தன் கோயில். இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேரன்று அங்கே நிற்கும் சனத்தைப் பார்த்தால் சேப்பாக்கம் சின்னதாகத் தெரியும். ஆனால், தேர் இருப்புக்கு வந்ததும் அந்தச் சனம் நாலு வீதிகளாலும், அவற்றில் இருந்து பிரியும் ஒழுங்கைகளாலும், ஒழுங்கைகளில் இருந்து வளவுகளாலும் வடிந்துவிடுகிறது. கோயிலைச் சுற்றி எத்தனை வழி என்று யாரும் எண்ணி வைத்தது கிடையாது. துரையப்பா விளையாட்டரங்கும் அப்படித்தான். 2016 ஜூனில் புதுப்பித்துத் திறந்தபோது அதற்கு 1,850 இருக்கைகள், சுற்றிலும் வீதிகள். நெரிசல் என்பது எங்களுக்கு வெயிலாகவும் தாகமாகவுமே இருந்திருக்கிறது, வாசலாக இருந்ததில்லை.

இனி அப்படி இருக்காது என்பதுதான் இதை இப்போது எழுதுவதற்குக் காரணம். 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் யாழ்ப்பாணத்துக்கென ஒரு சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். எனக்கு மகிழ்ச்சி, அதை ஒளிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் 2024இல் ஐ.பி.எல். ஆடியதைப் பார்த்துவிட்டுத் தெருவில் பட்டாசு கொளுத்திய ஆள் நான். ஆனால் மண்டைதீவுக்குப் போகும் வழி பண்ணைத் தாம்போதி என்ற வீதி. இரண்டு பக்கமும் கடல். தீவகத்துச் சனம், நயினாதீவுக்குப் போகும் அடியவர்கள், மீன் ஏற்றும் வாகனங்கள், அம்புலன்ஸ் எல்லாம் அதே வீதியால்தான் வர வேண்டும், போக வேண்டும். சேப்பாக்கத்தில் பாதியளவு சனம், 19,000 பேர், ஓர் இரவு ஆட்டத்துக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேருந்துக்கு ஐம்பது பேர் என்றால் 380 பேருந்துகள். பதினைந்து விநாடிக்கு ஒன்றாக இடைவிடாமல் விட்டாலும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகும். நடுவில் ஒன்றின் ரயர் காற்றுப் போகாது என்று வேண்டிக்கொள்ளவும் வேண்டும். எல்லாரும் மோட்டார் சைக்கிளிலேயே வருவார்கள் என்றால் அதற்கு எனக்குக் கணக்குப் போடப் பயமாக இருக்கிறது.

"அப்ப பண்ணைக்குக் கீழால மெற்றோ விடச் சொல்லுறியோ?" என்று மச்சான் தொலைபேசியில் சிரித்தான். சுண்ணக்கல்லுக்குள் சுரங்கமும் வேண்டாம், எங்கள் கிணறுகள் உப்பாகவும் வேண்டாம். வாலாஜா சாலையில் பார்த்த அந்த அவிழ்தல் பண்ணையில் எங்கே நடக்கும் என்று யாராவது வரைபடத்தில் எனக்குக் காட்டினால் போதும். தாம்போதியிலும் தூரம் இருக்கிறது, ஆனால் சந்து கிடையாது. நடந்து வருகிறவன் இடையில் ஒதுங்கி நிற்க ஒரு முற்றம் கிடையாது. வாகனங்களை யாழ்ப்பாணப் பக்கத்திலேயே மறித்துவிட்டு, குறிப்பிட்ட நேரங்களில் பேருந்துகள் மட்டும் போய்வருவது, சீட்டோடு பயணத்தையும் சேர்த்து விற்பது, ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள்ளேயே அரைமணி நேரம் பாட்டோ பரிசளிப்போ வைத்துச் சனத்தைப் பகுதி பகுதியாக விடுவது என்று செய்யக்கூடியவை பல உண்டு. இவற்றை இருக்கைகள் கட்டுவதற்கு முன்னர் யோசித்தால் மலிவு.

என் பங்குக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வரும் மார்ச்சில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே வடக்கின் போர் என்ற கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்போது, கடைசி நாள் மாலை மைதான வாயிலுக்கு எதிரே மணிக்கூட்டோடும் கொப்பியோடும் நிற்கப் போகிறேன். ஆட்டம் முடிந்து முதல் பத்து நிமிடத்தில் எத்தனை பேர் வெளியே வருகிறார்கள், வாயிலைத் தாண்டியதும் எந்தெந்தப் பக்கமாகப் பிரிகிறார்கள், எவ்வளவு தூரத்தில் கூட்டம் அவிழ்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் எண்ணிக் குறிக்க உத்தேசம். கூட நின்று எண்ண இரண்டு பெடியள் சம்மதித்திருக்கிறார்கள். தேத்தண்ணியும் வடையும் என் செலவு. மச்சானிடம் சொன்னபோது அவன் வேறொன்றும் கேட்கவில்லை. "வார் வைச்ச செருப்பு வேண்டாம். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ" என்றான்.